உள்ளங்காலில் இருக்கும் சிவந்த கட்டி போரோமாவாக இருக்கலாம் என்கிறார் மருத்துவர். பயாப்சி அவசியமா?

அவசியம். தோல் பயாப்சிகளை (பரிசோதனைக்காக வெட்டியெடுக்கும் திசுத் துண்டுகளை) நுண்ணோக்கியில் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். போரோமா என்பது வியர்வைச் சுரப்பியில் தோன்றும், புற்றுநோயல்லாத கட்டி; இத்தகைய கட்டிகளைக் கண்ணால் மட்டும் பார்த்து உறுதிப்படுத்த முடியாது. போரோமா பெரும்பாலும் வழவழப்பான சிவந்த முண்டாக, சில சமயம் சுற்றிலும் மெல்லிய பள்ளத்துடன், லேசாக உரசினாலே இரத்தம் கசியும்படி வளர்கிறது. ஆபத்தான தோல் புற்றுநோயான மெலனோமாவும், நிறமி இல்லாதபோது, கிட்டத்தட்ட இதே தோற்றத்தில் வரக்கூடும் என்பதால், தயவுசெய்து மரு என்று எண்ணி அதில் ஆசிட் வைக்கவோ சுட்டு அழிக்கவோ இடம் தராதீர்கள். திசு அழிந்துபோனால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது.

போரோமாவில் ஒரே அளவுள்ள சிறிய செல்கள் மேல்தோலிலிருந்து அகன்ற பட்டைகளாகக் கீழிறங்கியிருக்கும். அவற்றுக்கும் பக்கத்துத் தோல் செல்களுக்கும் இடையிலான எல்லை வெட்டினாற்போல் தெரியும். நடுநடுவே நுண்ணிய வியர்வை நாளங்கள் காணப்படும். ஆனால் இதன் புற்றுநோய் வடிவமான போரோகார்சினோமா பெரும்பாலும் அடியிலுள்ள திசுவுக்குள் ஊடுருவுவதை வைத்தே அடையாளம் காணப்படுவதால், மேலாகச் சீவியெடுத்த துண்டைக் கொண்டு அதை இல்லையென்று சொல்ல எங்களால் இயலாது. ஆகவே, கட்டி சிறியதாக இருந்தால் அடிவரை முழுவதுமாக அகற்றி அனுப்ப முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சிகிச்சையும் அதுவே. அறிக்கை வந்ததும் வெட்டு விளிம்புகளில் கட்டி இல்லை என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள், ஏனெனில் மிச்சம் இருந்தால் அது திரும்ப வளரக்கூடும்.

வியர்வைச் சுரப்பிக் கட்டிகள் எல்லாவற்றுக்கும் அறுவை தேவைப்படுவதில்லை. கண்ணின் கீழ் இமையில் சிறு பருக்களாக வரும் சிரிங்கோமாவை அப்படியே விட்டுவிடலாம். அழகுக்காக லேசரில் நீக்கினாலும் மீண்டும் வரவும் தழும்பு நிற்கவும் வாய்ப்புண்டு. தலையில் சிலிண்ட்ரோமா எனப்படும் இவ்வகைக் கட்டிகள் பல இருப்பவர்களோ மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது: சி.ஒய்.எல்.டி. மரபணு மாற்றம் காரணமாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது செல்ல 50 சதவீத வாய்ப்பு உள்ளது.

அரிய கட்டி என்பதால், சந்தேகம் இருந்தால் தோல் நோய்க்குறியியல் நிபுணர் ஒருவரிடம் இரண்டாம் கருத்துக் கேட்கத் தயங்க வேண்டாம். உங்கள் திசுவை மெழுகில் பதித்து ஆய்வகத்தில் பாதுகாக்கும் பாரஃபின் பிளாக்கிலிருந்து புதிய சீவல்கள் எடுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அதற்காக மறுபடி காலில் கத்தி வைக்கத் தேவையிருக்காது.