திருவொற்றியூரில் இருக்கிறேன். காரை நானே மெஷின் பாலிஷ் செய்து வேக்ஸ் போடலாமா?

தாராளமாக. ஆனால் ஒரே அச்சில் மட்டும் சுழலும் ரோட்டரி மெஷின் வேண்டாம். ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றாலும் சூடேறி, பெயிண்டின் மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர்கோட் போய்விடும். டூயல் ஆக்‌ஷன் மெஷின் சுழன்றுகொண்டே அலைவதால் அந்த ஆபத்து குறைவு.

எண்ணூர் பக்கம் ஓடும் வண்டிக்குப் பாதி வேலை கழுவுவதில்தான். கண்டெய்னர் லாரி கிளப்பும் தூசியும் கடல் உப்பும் பெயிண்டில் ஒட்டியிருக்கும். ஷாம்பு போட்டுக் கழுவி, வழுக்கும் திரவம் தெளித்து, ஒட்டிய அழுக்கை எடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரால் தேய்த்து, விரலுக்கு வழவழவென்று பட்ட பிறகே மெஷினை எடுங்கள். இல்லையென்றால் அந்தத் தூசியே உப்புத்தாளாகக் கீறிவிடும்.

மென்மையான ஃபோம் பேட், ஒவ்வொரு பகுதிக்கும் நாலைந்து சொட்டு பாலிஷ் போதும். பானெட் ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசு, மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். முதலில் ஒரு சின்ன இடத்தில் பார்த்துவிட்டு, அப்புறம் மற்ற இடம். நிழல் கட்டாயம், நம்ம ஊர் வெயிலில் பாலிஷ் உடனே காய்ந்துவிடும்.

வேக்ஸ் கீறலை எடுக்காது, பாதுகாப்பு மட்டுமே. மெல்லிசாகத் தடவி, மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள்.