பொங்கலுக்கு அம்மா வீடு எனக்கு மட்டும் கிடையாதா?

கேள்வி: கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. இரண்டு பேருக்கும் சென்னையில் வேலை. பொங்கல் வந்தால் தஞ்சாவூர் பக்கம் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவோம். நாத்தனார்கள் இருவர் குடும்பத்தோடு, கொழுந்தன் குடும்பம், சின்ன மாமனார் வீட்டார் என்று இருபது பேருக்குக் குறையாது. போகியன்று அடுப்படிக்குள் நுழைந்தால், ஊர் திரும்ப ரயில் ஏறும்போதுதான் வெளியே வருகிறேன். என் அம்மா வீடு திண்டுக்கல். அங்கே ஒரு பொங்கலுக்குக்கூட இருந்ததில்லை. எல்லாரும் நல்லவர்கள்தான், ஆனாலும் இந்த வருடம் எங்கேயும் போகவே வேண்டாம் என்று தோன்றுகிறது. தப்பா?
- பெயர் வேண்டாம், சென்னை

பதில்: தப்பில்லை. ஆனால் போகாமல் இருந்து என்ன ஆகப்போகிறது? உடம்பு சரியில்லை என்று ஒரு பொய் சொல்வீர்கள், அடுத்த வருடம் அதே அடுப்படி அப்படியே இருக்கும்.

உங்கள் கடிதத்தில் மாமியார் வருகிறார், நாத்தனார்கள் வருகிறார்கள், சின்ன மாமனார்கூட வந்துவிட்டார், கணவரை மட்டும் காணோம். அவருக்கு இது தெரியுமா? தெரியாது என்றால் முதலில் அவரிடம் சொல்லுங்கள், தெரிந்தும் சும்மா இருக்கிறார் என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தியே சொல்லுங்கள். ஏனென்றால் இதைத் தன் அம்மாவிடம் பேச வேண்டியவர் அவர்தான். நீங்கள் ஆரம்பித்தால் மருமகள் பிறந்த வீட்டுப் பக்கம் இழுக்கிறாள் என்று ஆகிவிடும், அவர் பேசினால் “இந்தத் தடவை காணும் பொங்கலுக்குத் திண்டுக்கல் போறோம்மா” என்பதோடு முடிந்துவிடும். போகலாமா என்று கேட்க வேண்டாம், போகிறோம் என்று சொல்லட்டும். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், அதற்கு ஆயுசு இரண்டு நாள்தான்.

நாத்தனார்களை எதிர்க்கட்சியாக நினைத்துவிடாதீர்கள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டுக்கு வந்து, சீர் வாங்கிக்கொண்டு, அம்மா பக்கத்தில் இரண்டு நாள் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? மூத்தவருக்கு முன்கூட்டியே ஒரு போன் போட்டு, “அண்ணி, எனக்கும் ஆசையா இருக்கு” என்று சொல்லி வையுங்கள். மருமகள் சொல்லிக் கேட்காத மாமியாரும் மகள் சொன்னால் கேட்பார்.

பேச்சைத் தை மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள், தீபாவளிக்குள் முடியுங்கள். ரயில் முன்பதிவு முன்பு 120 நாளுக்கு முன்பே திறந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான், அதனால் பொங்கல் முடிந்து திரும்பும் டிக்கெட்டுக்கு நவம்பர் நடுவில் காலை 8 மணிக்கே கையில் போனோடு உட்கார வேண்டியிருக்கும். அந்த டிக்கெட்டைத் தஞ்சாவூரிலிருந்து போடாமல் திண்டுக்கல்லிலிருந்து போடுங்கள். டிக்கெட் கையில் இருந்தால் “இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போங்களேன்” என்பதற்கெல்லாம் வேலையே இல்லை. போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல் மூன்றும் மாமியார் வீட்டில். காணும் பொங்கலன்று விடியற்காலையில் திருச்சி வழியாகப் பஸ் பிடித்தால் மதியச் சாப்பாட்டுக்கு அம்மா வீடு. ஆபீஸில் ஒரு நாள் லீவு கூடப் போட்டுக்கொண்டால் அங்கே ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கவும் செய்யலாம்.

அடுப்படி விஷயம் தனி. வாசலில் பானை வைத்துப் பொங்கல் பொங்குவது மாமியார் கையிலேயே இருக்கட்டும், அது அவருடைய பெருமை. உங்களை ஒடிக்கிறது அந்தப் பானை இல்லை, இருபது பேருக்குக் காலை இட்லி, அது இறங்குவதற்குள் இரண்டாம் காபி, அப்புறம் மூன்று கிலோ சின்ன வெங்காயம். காலைப் பலகாரத்துக்கு உள்ளூரில் இட்லி போடும் யாரிடமாவது சொல்லிவிடுங்கள், பணத்தை உங்கள் கணவரும் கொழுந்தனும் பாதிப் பாதி போடட்டும். வெங்காயத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துக்கொண்டு போய், பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு என்று டிவியில் ஜல்லிக்கட்டு பார்த்துக்கொண்டிருக்கும் ஆண்கள் முன்னால் ஆளுக்கு ஒரு தட்டாக வைத்துவிடுங்கள். கண் மாட்டைப் பார்க்கட்டும், கை சும்மாதானே இருக்கிறது. முதல் நாள் யாராவது ஒருவர் கிண்டலடிப்பார், சிரித்துவிட்டு அவர் முன்னால் இன்னும் ஒரு பிடி கூடப் போடுங்கள். யார் என்ன செய்வது என்று எழுதி ஒட்டுவதெல்லாம் வேண்டாம், பொங்கல் வீடு ஆபீஸ் ஆகிவிடும்.

உங்கள் அம்மாவிடம் மட்டும் டிக்கெட் உறுதியான பிறகு சொல்லுங்கள். முன்னாடியே சொன்னால் தெருவெல்லாம் சொல்லிவிட்டு முறுக்கு மாவும் அரைத்துவிடுவார், அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட் என்று அவருக்கு யார் விளக்குவது?