லைப்சிக்கிலிருந்து ஒரே நாளில் போய் வர எந்தப் பழைய நகரம் நல்லது?

வேலை விஷயமாக ஜெர்மனியின் லைப்சிக் நகருக்கு வருவதாகவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு என்றும், டிரெஸ்டன் போகலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஹாலே போய் வாருங்கள். டிரெஸ்டன் அழகான ஊர்தான், ஆனால் அங்கே போகச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் லைப்சிக் வரை வந்துவிட்டு ஹாலேயைப் பார்க்காமல் திரும்புவதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம்.

புறநகர் ரயிலில் சுமார் அரை மணி நேரம். சீட்டு எடுக்கும்போது ஊர்ப் பெயருக்குப் பின்னால் 'ஸாலே' என்ற ஆற்றின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். மேற்கே இன்னொரு ஹாலே உண்டு.

இறங்கியதும் நேராகப் பிராங்கே அறநிலையத்துக்குப் போங்கள். நடந்தே போகலாம். கிழக்கு ஜெர்மனிக் காலத்து மேம்பாலம் ஒன்று அதன் முன்னால் இரைச்சலோடு ஓடுகிறது. உள்ளே நுழைந்துவிட்டால் அந்தச் சத்தம் மறந்துவிடும். கட்டடத்தின் நெற்றியில் சூரியனை நோக்கிப் பறக்கும் இரண்டு கழுகுகள். ஆகஸ்ட் ஹெர்மான் பிராங்கே என்ற பாதிரியார் 1695இல் தன் காணிக்கைப் பெட்டியில் கிடைத்த அந்தக் காலத்து ஜெர்மன் காசு 4 தாலர் 16 குரோஷனை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் அநாதை இல்லம், அச்சகம், மருந்துக் கடை, புத்தகக் கடை என்று ஒரு சின்ன நகரமாகவே வளர்ந்தது.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு இந்த ஹாலேயில் படித்தவர். தமிழ் அச்சு 1578இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்க'த்தோடே தொடங்கியிருந்தாலும், அவர் வந்த காலத்தில் அது நின்றுபோயிருந்தது. அவருக்காக ஹாலேயில் தமிழ் எழுத்துகளை வெட்டி வார்த்துக் கப்பலில் அனுப்பினார்கள். அவை 1713இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதம் கட்டுபடியாகவில்லை. அப்புறம் தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வார்த்து, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் இதே ஹாலேயில் அச்சானது. அந்தச் சமயத்தில் அவர் ஐரோப்பாவுக்கு ஒருமுறை வந்து போனார்; அவருடன் மலையப்பன் என்ற தமிழரும் வந்திருந்தார். இந்த முற்றத்தில் அவரும் நடந்திருப்பார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மாடிப்படி ஏறி மேலே, கூரைக்கு அடியில் இருக்கும் அரும்பொருள் அறைக்குப் போங்கள். விட்டத்திலிருந்து ஒரு முதலை தொங்கும். சுற்றிலும் 18ஆம் நூற்றாண்டு அலமாரிகள். உள்ளே என்ன இருக்கிறதோ அதையே ஒவ்வொன்றின் உச்சியிலும் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். சங்கு, சிப்பி, பவளம் எல்லாவற்றையும் தாண்டிப் போனால் நம் ஊர்ச் சாமான்கள். ஓலைச்சுவடி முன்னால் நின்றேன். எழுத்தாணி கீறிய கோடு முடி போல மெல்லியது. மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது; எகரமா ஏகாரமா என்பதையும் நாம்தான் ஊகிக்க வேண்டும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஒரே ஒரு வரியைக் கூட்டிப் படிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பக்கத்தில் நின்ற பெரியவர் நான் முணுமுணுப்பதைப் பார்த்து, "உங்களால் இதைப் படிக்க முடிகிறதா?" என்று கேட்டார். ஆம் என்றதும் ஒரு சொல்லை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

அதே வளாகத்தில் 1728இல் கட்டி முடித்த நூலகத்தையும் பாருங்கள். நாடக மேடையின் பக்கத் திரைகள் போலப் புத்தக அடுக்குகள் வரிசையாக நிற்கும்.

சரி, மதியத்துக்கு மேல் சந்தைச் சதுக்கம். தேவாலயத்தின் நான்கு கோபுரங்களும் தனியாக நிற்கும் சிவப்புக் கோபுரமும் சேர்ந்துதான் இந்த ஊரின் அடையாளம். இசைமேதை ஹேண்டல் 1685இல் பிறந்தது இந்த ஊரில்தான்; அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த தொட்டி அந்தத் தேவாலயத்துக்குள் இருக்கிறது. மார்ட்டின் லூதர் இறந்தபோது முகத்தில் எடுத்த அச்சையும் அங்கே வைத்திருக்கிறார்கள்.

கால் வலிக்காவிட்டால் டிராம் பிடித்துத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். நேப்ரா வான்தட்டு அங்கேதான் இருக்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைத்த வெண்கலத் தட்டு; பச்சை படர்ந்த அதன் மேல் தங்கத்தில் பிறை, விண்மீன்கள். நெருக்கமாக ஏழு புள்ளிகள் ஒரு கொத்தாகத் தெரியும். அது நம்முடைய கார்த்திகை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். புதையல் திருடர்கள் 1999இல் தோண்டி எடுத்து விற்றதை, 2002இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் போலீஸார் மீட்டார்கள்.

திரும்பும்போது 'ஹல்லோரன்' சாக்லேட் உருண்டை ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த ஊர் உப்புக் காய்ச்சும் தொழிலாளர்களின் அங்கிப் பொத்தான் வடிவம் அது.

உங்கள் பயணம் திங்கட்கிழமைக்கு மாறினால் மட்டும் வேண்டாம், அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது போதாது, சுவடிகளை எடுத்துப் படிக்க வேண்டும் என்று தோன்றினால், இப்போதே அறநிலையக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். நான் கேட்காமல் போனேன். அடுத்த முறை எழுதிக் கேட்டுவிட்டுத்தான் போவேன்.