மெகாபிட்டும் மெகாபைட்டும்: இணைய வேகம் பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்பு வாங்கியிருக்கிறோம். கோப்பு இறங்கும்போது நொடிக்கு 11.3 மெகாபைட்டைத் தாண்டுவதே இல்லை. நிறுவனம் ஏமாற்றுகிறதா?

பதில்: இல்லை. பணம் கொடுத்த வேகம் முழுசாகவே வருகிறது. எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு. கோப்பின் அளவையோ மெகாபைட்டில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5 மெகாபைட்.

அந்த 12.5 எப்படி 11.3 ஆகிறது? இரண்டு இடத்தில் குறைகிறது. டேட்டா சிறுசிறு பொட்டலமாக, அதாவது பாக்கெட்டாகப் போகும். ஈதர்நெட் (கணினியை ரவுட்டரோடு இணைக்கும்) கேபிளில் முழு அளவு பாக்கெட் ஒன்று போக 1538 பைட்டுக்கான நேரம் பிடிக்கிறது. அதில் உங்கள் கோப்புக்கு உரியது 1460 பைட். மீதி 78 பைட் முகவரிக்கும், பிழை சரிபார்ப்புக்கும், பாக்கெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கும் போய்விடும். ஆக 95 சதவீதம் தேறி 11.86 ஆகிறது. அடுத்தது, கணினி எண்ணும் விதம். தொலைத்தொடர்புத் துறையில் மெகா என்றால் 10,00,000. விண்டோஸோ 10,48,576 பைட்டை ஒரு மெகாபைட் என்று எண்ணுகிறது. 11.86-ஐ 1.0486-ஆல் வகுத்துப் பாருங்கள், 11.3 வந்து நிற்கும்.

காகிதக் கணக்குக்கு 8-ஆல் வகுங்கள். திரையில் எவ்வளவு தெரியும் என்று பார்க்க 9-ஆல் வகுங்கள். 50 எம்பிபிஎஸ் என்றால் ஐந்தரை, 300 என்றால் 33. விளம்பரத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்து ‘b’ இருந்தால் பிட், பெரிய எழுத்து ‘B’ இருந்தால் பைட். இரண்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த எழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினோம். ஸ்பீடு டெஸ்ட் எப்போது போட்டாலும் 94-தான். ஏன்?

பதில்: அந்த 94 என்ற எண்ணே குறை எங்கே என்று காட்டிக்கொடுக்கிறது. 100 எம்பிபிஎஸ் போர்ட் (கேபிள் செருகும் துளை) ஒன்று முழு வேகத்தில் ஓடினால் ஸ்பீடு டெஸ்ட்டில் கிடைப்பது 94, 95. எனவே வழியில் ஏதோ ஓரிடத்தில் இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கிறது.

பெரும்பாலும் கேபிள்தான் காரணம். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். அதற்கு அடுத்த படியான 1000-க்கு நான்கு ஜோடியும், அதாவது எட்டுக் கம்பியும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த இரண்டு ஜோடியில் ஒரு கம்பி முனையில் சரியாகக் கடிபடாமல் போனாலும் இரு கருவிகளும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இன்டர்நெட் வேலை செய்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பில் லிங்க் ஸ்பீடு எவ்வளவு என்று பாருங்கள். 100/100 என்று இருந்தால் கேட் 5இ கேபிள் ஒன்றை மாற்றிப் போடுங்கள்.

மாறவில்லையா? ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சோதியுங்கள். அங்கே 250-க்கு மேல் வந்தால் ரவுட்டரின் லேன் போர்ட்டோ (வீட்டுக் கருவிகளுக்கானது) கணினியின் போர்ட்டோதான் 100. அங்கேயும் 94 என்றால் ரவுட்டரின் வேன் போர்ட்டையும் (வெளியிலிருந்து இணையம் வருவது) அதற்கு வரும் கேபிளையும் பாருங்கள். விலை குறைந்த ரவுட்டர்களில் எல்லா போர்ட்டும் 100-ஆகவே இருப்பதுண்டு. அப்படியானால் ரவுட்டரையே மாற்ற வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதன் சொந்த வரம்பே 100-ஐ ஒட்டி நின்று குழப்பிவிடும்.

கேள்வி: அலுவலகத்தில் பழைய இ1 லீஸ்டு லைன் (எங்களுக்கென்றே வாடகைக்கு எடுத்த தனி இணைப்பு) இருக்கிறது. 1 ஜிபி கோப்பு போக எவ்வளவு நேரம்?

பதில்: இ1 என்பது 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) வீதம் 32 சேனல், மொத்தம் 2.048 எம்பிபிஎஸ். ஒரு சேனல் ஒத்திசைவுக்குப் போக, 31 சேனல் டேட்டாவுக்குக் கிடைத்தால் நொடிக்கு 248 கிலோபைட். 1 ஜிபிக்குக் குறைந்தது 67 நிமிடம். அமெரிக்க வகையான டி1 என்றால் 24 சேனல், நொடிக்கு 192 கிலோபைட், 87 நிமிடம்.

கேள்வி: மாதம் 1000 ஜிபி வரை முழு வேகம் என்கிறார்கள். 100 எம்பிபிஎஸ்ஸில் எத்தனை நாள் வரும்?

பதில்: 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 450 மெகாபைட். இதை மட்டும் நினைவில் வையுங்கள். 100 எம்பிபிஎஸ் விடாமல் ஓடினால் மணிக்கு 45 ஜிபி. 22 மணி நேரத்தில் 1000 தீர்ந்துவிடும். ஆனால் வீட்டில் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. 5 எம்பிபிஎஸ்ஸில் வரும் வீடியோவுக்கு மணிக்கு 2.25 ஜிபிதான், 440 மணி நேரத்துக்கு மேல் பார்க்கலாம். வரம்பு தாண்டியபின் என்ன வேகம் என்று கட்டாயம் கேளுங்கள். 2 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 0.9 ஜிபி.

கேள்வி: புகைப்படங்களைக் கிளவுடுக்கு ஏற்றும்போது வீட்டில் மற்ற எல்லாமே நின்றுவிடுகிறது. பதிவேற்ற வேகம் 10 எம்பிபிஎஸ்.

பதில்: ஏற்றும் பாதை நிரம்பினால், இறக்கத்துக்கு அனுப்ப வேண்டிய ஒப்புகைச் செய்திகளும் (‘வந்து சேர்ந்தது’ என்று சொல்பவை) அதே வரிசையில் காத்துக் கிடக்கும். அதனால்தான் டவுன்லோடும் சேர்ந்து திணறுகிறது. பேக்கப் மென்பொருளில் பதிவேற்ற வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள். அந்தப் பெட்டி பெரும்பாலும் கிலோபைட்டில் கேட்கும்: 10 எம்பிபிஎஸ் என்பது 1250 கிலோபைட், அதில் 80 சதவீதம் 1000. எம்பிபிஎஸ் என்று நினைத்து 8 என்று போட்டால் நொடிக்கு 8 கிலோபைட்தான் போகும். 40 ஜிபி ஏற 58 நாள் ஆகும். 1000 என்று போட்டால் அதே 40 ஜிபி 11 மணி நேரத்தில் ஏறிவிடும். இரவில் ஆரம்பித்தால் காலைக்குள் பெரும்பகுதி முடிந்திருக்கும்.