இரை மீன் (பெரிய மீனைப் பிடிக்கத் தூண்டிலில் உயிரோடு கோர்க்கும் சிறுமீன்) பிடிப்பது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, மீன் கூட்டம் கண்ணெதிரே ஓடுது, சபிக்கி தூண்டிலை (ஒரே நரம்பில் வரிசையாகப் பல சிறு முட்கள் கட்டிய தூண்டில்) ஒன்றுகூடத் தொடுவதில்லையே?

பதில்: முதலில் என்ன மீன் என்று பாருங்கள் தம்பி. மடவை என்றால் நாள் முழுக்க ஆட்டினாலும் வீண்தான், அது சேற்றிலும் பாறையிலும் படிந்த பாசியை மேய்கிற ஜாதி, அதற்கு வீச்சுவலைதான் சரி. சாளையோ பாரைக்குஞ்சோ என்றால் சபிக்கியே போதும், ஆனால் வெடுக்கென்று இழுக்காமல் ஒரு முழம் தூக்கி மெதுவாக இறக்குங்கள். முதல் மீன் மாட்டியதும் சுருட்டிவிடாதீர்கள், அது துடிக்கிற துடிப்பில் மற்ற முட்களும் ஆடும், இன்னும் நாலு வந்து கடிக்கும்.

கேள்வி: வலை வீசுவதற்குள் கலைந்துவிடுகிறது சார்.

பதில்: படகுக்குள் சத்தம் போடுகிறீர்கள். சாளை இனத்துக்குக் காற்றுப்பையிலிருந்து மெல்லிய குழல் உள்காதுவரை போகிறது, அதனால் காது ரொம்பக் கூர்மை. துடுப்பு விளிம்பில் இடித்தாலே போதும், கூட்டம் போயே போய்விடும். அப்புறம் வலைக்கண். கண் பெரிதானால் நெத்திலி செவுளோடு சிக்கி முருங்கைக்காய் மாதிரி தொங்கும், பிடுங்கி எடுப்பதற்குள் பொழுது போய்விடும். சிறிதானால் வலை மெதுவாக இறங்கும், ஆழத்தில் மீன் அடியால் நழுவிவிடும்.

கேள்வி: பௌர்ணமியன்று விளக்கு வைத்தும் வரவில்லை.

பதில்: விளக்குக்கு மிதவை நுண்ணுயிர்கள் கூடும், அதைத் தின்ன மீன் வரும். நிலா வெளிச்சத்தில் கடல் முழுக்கவே தெரிகிறபோது உங்கள் விளக்கை எது தேடி வரும்? அமாவாசையை ஒட்டி வையுங்கள்.

கேள்வி: பிடித்தது வாளியில் சீக்கிரமே செத்துவிடுகிறது.

பதில்: கழற்றிய பிறகு விரலைப் பாருங்கள். மினுமினுவென்று இருந்தால் அத்தனையும் அதன் செதில். சாளைக்குச் செதில் லேசாகத்தான் ஒட்டியிருக்கும், அது போனால் உடம்பில் உப்பும் நீரும் நிலைகுலைந்து மீன் பிழைக்காது. கையே படாமல், முள்ளைக் கம்பியால் கொக்கி போட்டுத் திருப்பினால் மீன் தானாக வாளியில் விழும். வாளி வட்டமாக இருக்கட்டும், சதுரத் தொட்டியில் மூலையில் முட்டி நெருக்கியடிக்கும். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு, ஆகவே கொஞ்சமாகப் போடுங்கள், தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஐஸை நேராகக் கொட்டாதீர்கள், குழாய்த் தண்ணீர் ஐஸில் குளோரின் இருக்கலாம், மூடிய பாட்டிலில் உறைய வைத்து மிதக்கவிடுங்கள்.

கேள்வி: கடல் ஏற்றத்தில் பிடிப்பதா, வற்றத்தில் பிடிப்பதா?

பதில்: எதுவானாலும் தண்ணீர் ஓடவேண்டும். ஓட்டம் பாறைமுனையில் மோதிச் சுழலும் இடத்தில் இரை ஒதுங்கும், முதல் வலையை அங்கே வீசுங்கள்.