‘அ, இம், மா’ என்று படிக்கும் குழந்தை: பெட்டி வாங்குவதற்கு முன்

கேள்வி: என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். க, ங, ச வரிசையைச் சார்ட்டைப் பார்க்காமலே ஒப்பிப்பாள். ஆனால் புத்தகத்தில் ‘பட்டம்’ என்று இருந்தால் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எழுதும்போது பள்ளி ‘பல்லி’ ஆகிறது, பந்து ‘பன்து’ ஆகிறது. ஒரு பயிற்சி மையத்தில் அவளைச் சோதித்துவிட்டு, பாதி எழுத்துகள்தான் தெரிகின்றன என்றார்கள். மூன்று மாத ‘தமிழ் ஃபோனிக்ஸ்’ வகுப்பில் சேர்த்து, அவர்களுடைய விளையாட்டுப் பெட்டியையும் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா, வீட்டிலேயே விளையாட்டாகச் சொல்லித்தர முடியுமா?

பதில்: வாங்க வேண்டாம். வீட்டிலேயே முடியும்.

அந்தச் சோதனையில் என்னென்ன எழுத்துகளைக் காட்டினார்கள் என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். ஙூ, ஞௌ, ஙொ எல்லாம் இருந்திருக்கும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 என்பது கணக்குக்குச் சரி. ஆனால் ஙூ வருகிற ஒரு சொல்லை நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம். ங வரிசையில் நமக்குத் தேவைப்படுவது ங் மட்டும்தான்; அங்ஙனம், இங்ஙனம் என்று எழுதுகிறவர்களுக்கு ங-வும் வேண்டும். எந்தச் சொல்லிலும் வராத எழுத்துகளைக் காட்டி, குழந்தை திணறுவதைப் பெற்றோருக்குக் காட்டி, அந்தப் பயத்திலேயே ரசீது போடுவது இந்தத் தொழிலில் பழைய வித்தை. இப்படிச் சோதித்தால் நானும் தோற்பேன்.

இன்னொன்று. ஃபோனிக்ஸ் என்பது ஆங்கிலத்துக்கு ஏற்பட்ட வைத்தியம். அங்கே எழுத்தின் பெயர் ஒன்று, ஒலி வேறு. அதனால் ஒலியைத் தனியாகச் சொல்லித்தந்துதான் ஆக வேண்டும். தமிழில் ‘ப’ என்ற எழுத்தின் பெயரும் ப, ஒலியும் ப. அந்த நோயே இங்கே இல்லை. அதே மருந்தை லேபிள் மாற்றி விற்கிறார்கள்.

அப்படியானால் உங்கள் மகளுக்கு என்னதான் சிக்கல்? அவள் ‘பட்டம்’ படிப்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ‘ப, இட், ட, இம்’ என்று சொல்வாள். தமிழில் எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்று என்றேன் அல்லவா, அது முக்கியமாகப் பொய்யாகும் இடம் மெய்யெழுத்துதான். புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக உச்சரிப்பது கஷ்டம் என்பதால் முன்னால் ஓர் இகரம் போட்டு இக், இங், இச் என்று சொல்லித்தருகிறோம். சொல்லித்தருவது தப்பில்லை. சொல்லுக்குள் வரும்போது அந்த ‘இ’ காணாமல் போய்விடும் என்பதை யாரும் சொல்வதில்லை. குழந்தை நாம் சொன்னபடியே ‘அ, இம், மா’ என்று படிக்கிறது. அதில் அம்மாவைக் கண்டுபிடி என்றால் எப்படிக் கண்டுபிடிக்கும்?

இதற்குத் துணி உலர்த்தும் கிளிப் நான்கு போதும். பழைய அட்டையைத் தீப்பெட்டி அளவில் வெட்டி எழுத்துகளை எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை மட்டும் பாதி அகலத்தில், வேறு நிறத்தில் எழுதுங்கள். விதி ஒன்றுதான்: புள்ளிக்காரர் தனியாக நிற்க மாட்டார், முன்னால் இருப்பவரைப் பிடித்துக்கொள்வார். ட் அட்டையை ப அட்டையோடு கிளிப் போட்டால் ‘பட்’. ம் அட்டையை ட-வோடு போட்டால் ‘டம்’. கிளிப் போட்ட கூட்டுக்கு ஒரு கைத்தட்டு, தனியாக நிற்கும் அட்டைக்கும் ஒரு கைத்தட்டு. அம்-மா இரண்டு தட்டு, வண்-டி இரண்டு தட்டு, பள்-ளிக்-கூ-டம் நான்கு தட்டு. முதல் இரண்டு நாள் புள்ளியே இல்லாத சொற்களை, அதாவது நரி, பசு, வீடு, கதவு மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு புள்ளி. ‘வாழ்க்கை’ போல ஒரே எழுத்தை இரண்டு புள்ளிக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் சொற்கள் கடைசியில் வரட்டும். இந்த ஒரு விளையாட்டை ஒழுங்காக ஆடினால், எழுத்து தெரியும் ஆனால் வாசிக்கத் தெரியாது என்கிற குழந்தைகளில் பலர் தேறிவிடுவார்கள்.

கொம்பு, துணைக்கால் விஷயம் இதைவிட எளிது. ‘கெ’ என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஓசை பின்னால் வருகிறது. ‘கொ’ என்பதில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கிறது. கொம்பையும் காலையும் தனித்தனித் துண்டாக வெட்டி, க, ம, ப மூன்றுக்கும் பக்கத்தில் நகர்த்தி நகர்த்தி வைத்து விளையாட விடுங்கள். ஒரு வாரம்.

ஆனால் இப்படித் துண்டு வைத்து ஒட்டுவது ஒரு வரிசையில் செல்லாது. பெட்டி விற்கிறவர்கள் மாட்டிக்கொள்வதும் அங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உகர வரிசை, ஊகார வரிசை. மற்ற வரிசைகளில் குறி எழுத்துக்குப் பக்கத்தில் நிற்கும், அல்லது இகரம் மாதிரி மேலே ஒரே சாயலில் வளையும். உகரத்தில் எழுத்தே உருமாறுகிறது, அதுவும் ஒரே மாதிரி அல்ல. கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் கீழே வளைந்து சுற்றிக்கொள்பவை. ஙு, சு, பு, யு, வு ஐந்தும் ஒரு கோடு கீழே இறங்குபவை. ஞு, ணு, து, நு, லு, னு, று ஏழும் வலப்பக்கமாக வளைந்து மேலே ஏறுபவை. மூன்று குடும்பம், பதினெட்டு எழுத்து. ஊகாரத்துக்குப் போனால் கூ, சூ இரண்டும் தங்கள் குடும்பத்தை விட்டுத் தனியாகப் போய்விடும்.

1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவங்கள் மாறி, துணைக்காலும் கொம்பும் எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி ஆயின. வீட்டுத் தாத்தா இன்னும் ‘லை’க்கு யானைத் தும்பிக்கை போட்டு எழுதினால் கோபப்படாதீர்கள், அவர் படித்தது அது. உகர ஊகாரங்களையும் இப்படி ஒழுங்குபடுத்த வேண்டும் என்று கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி பல ஆண்டுகள் வாதாடினார். அரசு ஏற்கவில்லை. ஏற்காதது சரியா தவறா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. சுமை ஏழு வயதுப் பிள்ளையின் தலையில் இருக்கிறது, அவ்வளவுதான். பெட்டிக்காரர்களோ புள்ளிக்கோட்டு வட்டம் போட்டு அதன் கீழே ஓர் உகரக் குறியை அச்சடித்து, இதை எல்லா எழுத்தோடும் ஒட்டிக்கொள் என்கிறார்கள். ‘த’வுக்குக் கீழே ‘கு’வின் வாலை ஒட்டினால் என்ன வரும்? நம் எழுத்து தெரியாத யாரோ வடிவமைத்த பெட்டி என்பதற்கு அதுவே அத்தாட்சி.

உகரத்துக்கு அட்டையும் வேண்டாம், ஒட்டலும் வேண்டாம், மணல் போதும். தட்டில் மணலையோ மாவையோ பரப்பி, குழந்தை முதலில் ‘ப’ எழுதட்டும், விரலை எடுக்காமல் அப்படியே கீழே இழுத்து ‘பு’ ஆக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு குடும்பம் மட்டும். கீழே இறங்குகிற குடும்பத்தில் தொடங்குங்கள், அதுதான் சுலபம். சு, பு, யு, வு நான்கும் விரலுக்குப் பழகிய பிறகு, வளைந்து ஏறுகிற குடும்பம்.

சரி, எழுத்துப்பிழைக்கு வருகிறேன். ‘பன்து’ பிழை உங்கள் மகளின் காதில் இல்லை, காது சரியாகத்தான் கேட்கிறது. மூக்கொலி ஒன்று வருகிறது என்று பிடித்துவிட்டாள், எதை எழுதுவது என்றுதான் தெரியவில்லை. ‘ரெண்டு சுழி, மூணு சுழி’ என்று சுழி எண்ணச் சொல்லி இதைத் தீர்க்க முடியாது. பெரியவர்கள் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று பெயர் வைத்தார்களே, அந்தப் பெயரிலேயே விடை இருக்கிறது: ட-வுக்கு முன்னால் ண், த-வுக்கு முன்னால் ந், ற-வுக்கு முன்னால் ன். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று ஆறு ஜோடி. பன்னிரண்டு அட்டை எழுதிக் கவிழ்த்துப் போட்டு, இரண்டிரண்டாகத் திருப்பி ஜோடி சேர்க்கிற விளையாட்டு ஆடுங்கள். ஜோடி சேர்த்தவர் அதை வைத்து ஒரு சொல் சொன்னால்தான் அட்டை அவருக்கு: வண்டி, பந்து, கன்று, தங்கம். இதோடு, ண, ந, ன மூன்றில் சொல்லின் முதலில் வருவது எப்போதும் ந-தான் என்று சொல்லிவைத்தால் அவள் செய்கிற பிழையில் பெரும்பகுதி போய்விடும்.

பல்லி, பள்ளி கதை வேறு. இங்கே கை வேண்டும். இடது கையைக் கிண்ணம் போலக் கவிழ்த்துக்கொள்ளுங்கள், அது மேல் அண்ணம். வலது கை நாக்கு. விரல் நுனி கிண்ணத்தின் முன் விளிம்பைத் தொட்டால் ல. விரல்கள் பின்னால் மடங்கி உள்ளே தொட்டால் ள. மடங்கி, தொடாமல் அந்தரத்தில் நின்றால் ழ. நீங்கள் ஒரு சொல்லைச் சொல்லுங்கள், அவள் கையில் காட்டட்டும், பிறகு மாற்றி. வால், வாள், வாழ். கலை, களை, கழை. எழுதும்போது ஒரு சின்ன உதவி: ழ-வும் ர-வும் இரட்டிக்காது. அழுத்தி ஒலித்தால் அது ல்ல அல்லது ள்ள மட்டும்தான். வீட்டில் எல்லோருமே ழ-வை ள-வாகப் பேசுகிறவர்கள் என்றால் முதலில் நீங்கள் திருத்திக்கொள்ள வேண்டும். காதில் விழாததைக் குழந்தை எழுத வேண்டும் என்பது அநியாயம்.

ர, ற வித்தியாசத்தைக் காதால் பிடிக்கச் சொல்லாதீர்கள், பேச்சில் அது பெரும்பாலும் இல்லை. ற்ற, ன்ற என்று வந்தால் ற, சொல்லின் முதலில் ற வராது. மிச்சத்தைப் படித்துப் படித்துத்தான் பழக வேண்டும்.

இதையெல்லாம் பள்ளியில் செய்ய மாட்டார்களா என்று கேட்பீர்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பாட்டும் அட்டையும் விளையாட்டும் வகுப்பறைக்குள் வந்தன, நல்ல விஷயம். ஆனால் பல வகுப்புகளில் இன்றைக்கும் ‘சொல்வதை எழுதுதல்’ என்றால் பத்துச் சொல், தப்பானதைப் பத்துத் தடவை எழுது, அவ்வளவுதான். ‘பன்து’ என்று எழுதிய பிள்ளை ‘பந்து’ என்று பத்துத் தடவை எழுதினால் மறுநாள் ‘பன்தல்’ என்று எழுதும். காரணம் சொல்லாத தண்டனைக்கு வேறென்ன பலன் கிடைக்கும்? நோட்டில் சிவப்பு மை ஏறினால் பாடம் நடந்ததாகக் கணக்கு. கேட்டால் சிலபஸ் முடிக்க வேண்டும் என்பார்கள். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு முடிக்கிற சிலபஸ் யாருக்காக என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

தினம் பதினைந்து நிமிடம் போதும், அவள் ‘இன்னொரு தடவை’ என்று கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள். தொடங்கும் முன் கண்ணையும் காதையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மூன்று நான்கு மாதம் விடாமல் ஆடியும் ‘பட்’ என்று சேர்க்க வரவில்லை என்றால் குழந்தை மருத்துவர் வழியாகக் கற்றல் குறைபாட்டு நிபுணரைப் பாருங்கள். பயிற்சி மையத்தில் பத்து நிமிடத் தாளை நீட்டி ‘டிஸ்லெக்சியா’ என்று அச்சடித்துத் தந்தால் அதை நம்ப வேண்டாம்.

ஒருவேளை பெட்டி ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா? பரவாயில்லை. கொம்பு, துணைக்கால் துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள், உகரத் துண்டுகளைத் தனியாக ஒரு கவரில் போட்டு ஒதுக்கிவிடுங்கள், புள்ளி வைத்த எழுத்துகளைக் கத்தரிக்கோலால் பாதி அகலத்துக்கு நறுக்குங்கள். அப்புறம் கிளிப்.