ஹீலியோஸ் 44-2, எஃப்16-ல மங்கலா வருதுன்னு கேட்டவருக்கு

தம்பி, சுங்கை சிப்புட் பால்மரக் காட்டுல ஹீலியோஸ் 44-2-ங்கிற பழைய சோவியத் லென்ஸைக் கேமராவுல போட்டு எஃப்16-ல, அதாவது லென்ஸ் துவாரத்தை ரொம்பச் சின்னதாக்கி எடுத்தா படம் மங்கலா வருது, வானத்துல கரும்புள்ளி வேறன்னு எழுதியிருந்தீங்க, லென்ஸ் கெட்டுப்போச்சுன்னு வித்துடாதீங்க லா. துவாரம் அவ்ளோ சின்னதானா வெளிச்சம் ஓரத்துல பட்டு விரியும், எஃப்16-ல ஒரு ஒளிப்புள்ளி ஏறக்குறைய 21 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு) ஆயிடும், உங்க கேமராவுல படம் பதியுற 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி அளவு சென்சார்ல ஒரு பிக்சலே 4 மைக்ரான்தான், அதான் ஒரு புள்ளி பல பிக்சல்ல பரவி மங்கலாகுது, புது லென்ஸ் வாங்கினாலும் இப்படித்தான் வரும். துவாரத்தைக் கொஞ்சம் பெருசாக்கி எஃப்8-ல வச்சு ட்ரைபாட் போட்டு எடுங்க. புள்ளி சென்சார் தூசியாத்தான் இருக்கும், ப்ளோவர் அடிங்க. ஆனா எஃப்16-ஐ ஒரேடியா விட்டுடாதீங்க, காலையில மர இடுக்குல சூரியன் எட்டிப்பாக்குறப்ப துவாரத்தைச் சுத்தியிருக்கிற அந்த 8 பிளேடும் சேந்து 8 முனை நட்சத்திரம் போடும் பாருங்க, அதுக்காகவே எனக்கு இந்த லென்ஸ் அவ்ளோ பிடிக்கும். நம்ம ஊரு ஈரத்துக்கு லென்ஸ் உள்ள ஃபங்கஸ் (பூஞ்சை) வருதான்னு அப்பப்ப டார்ச் அடிச்சுப் பாத்துக்குங்க.